பித்தியம் பூஞ்சையன்று

பித்தியம் இன்சிடியோசம் என்னும் நுண்ணுயிரி மனிதரையும் விலங்குகளையும் தாக்குவதால் உண்டாகும் பித்தியோசிஸ் நோயைப் பற்றி மருத்துவ வட்டாரத்தில் பரவலாக நிலவும் கருத்து இதுதான்: இந்த உயிரி பூஞ்சையைப் போலவே இழையிழையாக வளர்கிறது, பூஞ்சைக்கு இடும் சாயத்தையே ஏற்கிறது, பூஞ்சை வளரும் ஊடகத்திலேயே வளர்கிறது, ஆகவே உயிரியலாளர் இதை எந்தத் தொகுதியில் வைத்தாலும், நோயாளியின் அருகே நிற்கும் மருத்துவர் இதைப் பூஞ்சையாகவே கொண்டு மருந்து கொடுப்பதில் பெரும் பிழை ஒன்றும் இல்லை. இதோடு சேர்த்து, இது அடிப்படையில் குதிரைக்கும் நாய்க்கும் வரும் நோய் என்பதும், மனிதரிடம் மிக அரிது என்பதும், அரிதான ஒன்றுக்காக எல்லா ஆய்வகங்களும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இயலாது என்பதும் துணைவாதங்களாக வைக்கப்படுகின்றன.

இக்கருத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கருவிழிப் புண்ணோடு வரும் உழவரின் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்த துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கையில் இழைகள் தெரிந்தால், தென்னிந்தியாவில் அவை பெரும்பாலும் ஃபியூசேரியமாகவோ ஆஸ்பர்ஜில்லஸாகவோதான் இருக்கும். அத்தகைய புண்ணுக்கு வோரிகொனசோலைவிட நேட்டாமைசின் சொட்டுமருந்தே மேலானது என்பதைத் தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை காட்டியது. பெரும்பான்மைக்கு ஏற்றதை முதலில் செய்வது மருத்துவ நெறிக்கு மாறானதன்று. ஆனால் மருந்து பலிக்கவில்லை என்று கண்ணெதிரே தெரிந்த பின்னும் அதே அனுமானத்தை நாள்கணக்கில் நீட்டிப்பதும், அந்த நீட்டிப்புக்கு ‘எல்லாம் பூஞ்சைதானே’ என்று நியாயம் கற்பிப்பதும் நெறியாகா. மறுக்கவேண்டியது இந்த நியாயத்தைத்தான்.

1. வகைப்பாடு வெறும் ஏட்டுச் சண்டையா? பித்தியம் ஊமைசீட்டுகள் எனப்படும் தொகுதியைச் சேர்ந்தது. அதன் உறவினர் பழுப்புப் பாசிகளும் டயாட்டம்களும் ஆவர். மன்னார் வளைகுடாவில் அல்ஜினேட் எடுப்பதற்காக மூட்டை மூட்டையாகச் சேகரிக்கப்படும் சர்காசம் பாசிக்கும் பித்தியத்துக்கும் இடையே உள்ள உறவு, குடைக்காளானுக்கும் பித்தியத்துக்கும் இடையே இல்லை. காளானும் விலங்கும் உயிர்மரத்தின் ஒரே பெருங்கிளையில் பிரிந்தவை; பித்தியம் வேறொரு கிளையின் குடி. ஆகவே உறவுமுறையைப் பார்த்தால், பித்தியத்தைப் பூஞ்சை என்று அழைப்பதைவிட மனிதரைப் பூஞ்சை என்று அழைப்பதற்கு அதிக நியாயம் உண்டு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கைப் போல, இது திசுவுக்குள் இழையைக் காட்டுகிறது, நீருக்குள் நீந்தும் வித்தைக் காட்டுகிறது. மருத்துவர் பார்ப்பது பெரும்பாலும் திசுவை மட்டுமே.

இந்த வேறுபாடு மருந்தில் நேராக வந்து முட்டுகிறது. பூஞ்சையின் செல்சவ்வுக்கு உறுதி தருவது எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப்பொருள். நேட்டாமைசினும் ஆம்போடெரிசின்-பியும் அந்த எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு வேலை செய்கின்றன. இட்ரகொனசோல், வோரிகொனசோல் முதலிய அசோல் வகை மருந்துகள் அதை உருவாக்கும் நொதி ஒன்றைத் தடுத்து வேலை செய்கின்றன. பித்தியத்தின் சவ்வு எர்கோஸ்டெராலை நம்பி இருப்பதில்லை; அசோல்கள் குறிவைக்கும் அந்த நொதியும் அதனிடம் இல்லை. செல்சுவரிலும் பூஞ்சைக்குரிய கைட்டின் முதன்மையாக இல்லாமல், செல்லுலோசும் பீட்டா-குளுக்கானும் இடம்பெறுகின்றன. எனவே ‘எந்தத் தொகுதியாக இருந்தால் என்ன’ என்ற கேள்விக்கு விடை தாவரவியல் ஏட்டில் இல்லை, மருந்துக் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கிறது.

2. மருத்துவர் தயங்கும் இந்த வேறுபாட்டைத் திராட்சைத் தோட்டக்காரர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் கொடி வளர்ப்பவர் சாம்பல் நோயையும் அடிச்சாம்பல் நோயையும் ஒன்றாக எண்ணுவதில்லை. முன்னது இலையின்மேல் மாவு தூவினாற்போல் படர்வது, உண்மையான பூஞ்சையால் வருவது, கந்தகத்துக்கு அடங்குவது. பின்னது இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டாகவும் அடிப்புறம் வெண்பஞ்சாகவும் தோன்றுவது, பித்தியத்தின் இனத்தாரான ஊமைசீட்டு ஒன்றால் வருவது. அதற்குப் போர்டோ கலவையோ மெட்டலாக்சிலோ தெளிக்க வேண்டும். நாற்றங்காலில் நாற்றழுகலையும் மஞ்சளில் கிழங்கழுகலையும் உண்டாக்குபவை பித்தியம் பேரினத்தின் பிற இனங்களே. அவற்றின்மேல் கார்பன்டசிம் ஊற்றினால் பயனில்லை என்பது வேளாண் பாடத்தின் தொடக்க நிலைச் செய்தி. கடையில் இரண்டு மருந்தும் ‘பூஞ்சைக்கொல்லி’ என்ற ஒரே அலமாரியில் இருப்பது உண்மைதான். ஆனாலும் எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்பதில் குழப்பம் இல்லை. கொடிக்கும் கிழங்கிற்கும் கிடைத்த இந்தத் தெளிவு கண்ணுக்கும் காலுக்கும் கிடைக்கக் காலம் தாழ்ந்ததற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. தாவர நோயியலாளரும் மனித நோயியலாளரும் ஒருவர் ஏட்டை ஒருவர் புரட்டுவதில்லை என்பதே காரணம்.

3. தவறான பெயர் எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்கு இந்நோயின் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் படைக்குதிரைகளுக்கு மழைக்காலத்தில் வரும் ஆறாப் புண்ணுக்குப் ‘பர்சாத்தி’ என்று பெயர் இருந்தது. மழை என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர்கள் 1884-லேயே அதைப் பற்றி எழுதினர். அந்தப் பெயருக்குள் வேறு சில புண்களும் கலந்திருந்தன என்றாலும், நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பைக் குதிரைக்காரர்கள் கண்டுகொண்டிருந்தனர் என்பதை அது காட்டுகிறது. புண்ணைக் கிளறினால் பவளத்துண்டு போன்ற, சாம்பல் மஞ்சளான கெட்டிக் கட்டிகள் கையில் வரும். அவற்றுக்கு இட்ட பெயரும் ‘கங்கர்’, அதாவது தமிழர் சுக்கான்கல் என்று சொல்லும் சுண்ணக்கல்லின் இந்திப் பெயர். உலகெங்கும் குதிரை மருத்துவ நூல்களில் அச்சொல் சிறிது திரிந்து இன்றும் வழங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர்கள் புண்ணில் இழைகளைக் கண்டு, ‘அழிக்கும் இழைப்பூஞ்சை நோய்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். மழையை நினைவூட்டிய பழைய பெயரின் இடத்தில் பூஞ்சையை நினைவூட்டும் புதிய பெயர் வந்தமர்ந்தது. அது ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஆய்வின் திசையையே அடைத்துக்கொண்டது. பாப்புவா நியூ கினியாவின் குதிரைகளிலிருந்து எடுத்த உயிரியை நீரில் இட்டு, அது நீந்தும் வித்துகளை வெளியிடுவதை ஆஸ்ட்விக், கோப்லண்ட் என்னும் ஆய்வாளர்கள் 1974-இல் அறிவித்த பின்னரே இது பித்தியம் என்று தெளிவாயிற்று. 1987-இல்தான் பித்தியம் இன்சிடியோசம் என்ற பெயர் நிலைபெற்றது. இன்சிடியோசம் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பதுங்கியிருந்து வஞ்சிப்பது என்று பொருள். பெயரிட்டவர்கள் எச்சரித்தே பெயரிட்டார்கள்.

4. ‘அரிது’ என்று எண்ணிச் சொன்னவர் யார்? ஒரு நோய் அரிது என்று சொல்ல, முதலில் அதைத் தேடியிருக்க வேண்டும். வழக்கமான ஆய்வகத்தில் பூஞ்சையின் இனத்தை அடையாளம் காண்பது அதன் வித்துகளின் வடிவைக் கொண்டுதான். பித்தியமோ வளர்ப்புத் தட்டில் தட்டையாக, நிறமற்று, ஊடகத்துக்குள் பாதி அமிழ்ந்தபடி படர்கிறது; வித்து எதையும் காட்டுவதில்லை. அப்படிப்பட்ட வளர்ப்புக்கு ஆய்வக அறிக்கையில் கிடைப்பது ‘வித்திடாத பூஞ்சை, இனம் அறியப்படவில்லை’ என்ற ஒரு வரி. அந்த வரி எழுதப்பட்ட நொடியிலேயே நோயாளி பித்தியோசிஸ் கணக்கிலிருந்து வெளியேறிப் பூஞ்சைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். பிறகு அதே கணக்கைக் காட்டி ‘பாருங்கள், பித்தியோசிஸ் எவ்வளவு அரிது’ என்று வாதிடுவது, கதவைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்று குறைகூறுவதை ஒக்கும்.

2015-இல் ஐதராபாத்தின் கண் ஆய்வகம் ஒன்று மரபணு வரிசையைக் கொண்டு உறுதிசெய்த பித்தியக் கருவிழிப் புண்களின் தொகுப்பை வெளியிட்டது. இனம் அறியப்படாத பூஞ்சை என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடந்தவற்றிடையே பித்தியமும் ஒளிந்திருந்தது அப்போது வெளிப்பட்டது. அதன்பின் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் அறிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. அந்தச் சில ஆண்டுகளில் நோய் புதிதாக முளைத்தது என்பதைவிட, தேடியவர்கள் கண்டார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

தேடும் முறையும் எட்டாத ஒன்றன்று. வேகவைத்துக் கிருமி நீக்கிய இலைத்துண்டு ஒன்றை வளர்ப்புத் தட்டில் படர்ந்த இழைகளின்மேல் கிடத்தி வைத்து, இழைகள் அதில் தொற்றிக்கொண்ட பின் உப்புகள் சிறிது கரைந்த நீருக்கு மாற்றி, 37 பாகை வெப்பத்தில் சில மணிநேரம் விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இலையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைமுனைகள் மெல்லிய குமிழாகப் புடைக்கும். குமிழுக்குள் கூழாக இருந்தது துண்டு துண்டாகப் பிரியும். துண்டுகள் முதலில் இருந்த இடத்திலேயே துடிக்கும், பின் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுழலும், சவ்வு கிழிந்ததும் ஆளுக்கு இரண்டு கசையிழைகளோடு நீருக்குள் பாய்ந்து திசைக்கொன்றாக நீந்தும். சற்று நேரத்தில் கசைகளை உதறிவிட்டு உருண்டையாகி அமரும். கருவிழியைத் தாக்கும் இழைப்பூஞ்சை எதுவும் இப்படி நீந்துவதில்லை. வயல்நீரில் கால்புண்ணையும் குளத்தில் குதிரையின் காலையும் தேடிவந்து ஒட்டுவது இந்த நீந்தும் வித்துதான். இலையும் மயிரும் காயம்பட்ட திசுவும் அதை ஈர்க்கின்றன.

5. ‘விலங்கு நோய்’ என்பது பாதி உண்மை. பிரேசிலின் பான்டனால் சதுப்பில் குதிரைகளும், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மாநிலங்களில் வயிற்றுக்குள் கட்டி வளர்ந்து மெலியும் நாய்களும் இதற்கு இரையாவது உண்மை. ஆனால் நோய் விலங்கிடமிருந்து மனிதருக்குத் தாவுவதில்லை. இருவரும் ஒரே நீரிலிருந்து அதைப் பெறுகிறார்கள். தாய்லாந்தில் 1985 முதல் 2003 வரை கண்டறியப்பட்ட மனித நோயாளிகளைத் திரட்டி 2006-இல் வெளியான ஆய்வில் மட்டும் 102 பேர் இருந்தனர்.

6. ‘கணிப்பு தவறினாலும் கேடில்லை’ என்பதே இவ்வாதங்களில் மிகவும் கொடியது. அந்தத் தாய்லாந்து ஆய்வே இதற்கு விடை சொல்கிறது. நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் மூவருக்கு இரத்தக்குழாய்களில் தொற்று; மூன்றில் ஒருவருக்குக் கண்ணில். குழாய்த் தொற்று உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தலசீமியா முதலிய ஈமோகுளோபின் குறைபாடு உடையவர்கள். அத்தகையோரின் உடலில் தேங்கும் மிகை இரும்பு நோய்க்குத் துணைபோவதாகக் கருதப்படுகிறது. பாதத்தில் ஆறாத சிறு புண்ணாகத் தொடங்குவது தமனிக்குள் ஏறி அதை அடைக்கிறது. கால் குளிர்ந்து, கணுக்காலில் நாடி காணாமற்போகிறது. பார்ப்பவர் சாதாரணத் தமனி அடைப்பு என்று எண்ணி அதற்குரிய வழியில் போகிறார். குழாய்த் தொற்றாளரில் 78 விழுக்காட்டினர் காலை இழந்தனர், 40 விழுக்காட்டினர் உயிரை இழந்தனர். கண் தொற்றாளரில் 79 விழுக்காட்டினருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. இவர்கள் எல்லோரும் தவறான கணிப்பால் மட்டுமே இழந்தார்கள் என்று சொல்வது மிகை, நோயே கொடியது. ஆனால் இத்தகைய நோயில் இரண்டு வாரத்தைத் தவறான மருந்தில் செலவிடுவது கேடற்றது என்று எவரும் வாதிட முடியாது.

கருவிழியில் இந்த இரண்டு வாரம் எப்படிக் கழிகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். மணிக்கொருமுறை நேட்டாமைசின் சொட்டப்படுகிறது. புண்ணின் ஓரத்திலிருந்து வலைபோலச் சிறு புள்ளிகள் பரவுகின்றன, கைவிரல் நீட்டினாற்போல் கீற்றுகள் கிளைக்கின்றன, கருவிழியின் விளிம்பில் ஒரு பள்ளம் வரம்பு கட்டுகிறது. விளிம்பைக் கடந்து வெண்விழிக்குள் நுழைந்துவிட்டால் கருவிழி மாற்று அறுவையும் பல சமயம் நோயைப் பிடிக்க முடியாமல், மாற்றிவைத்த திசுவிலேயே அது மீண்டும் முளைக்கிறது. தொடக்கத்திலேயே அடக்கியிருந்தால் பூவிழுந்த கண்ணாவது மிஞ்சியிருக்கும். இந்தப் புள்ளிகளும் கீற்றுகளும் விளிம்புப் பள்ளமும் பித்தியத்தின் அடையாளங்கள் என்று கண் மருத்துவ இலக்கியத்தில் இப்போது பதிவாகியிருக்கின்றன. ‘பிடிவாதமான பூஞ்சை’ என்று அவற்றுக்குப் பெயர் சூட்டி மருந்தின் அளவை மட்டும் கூட்டுபவருக்கு அவை எதையும் சொல்வதில்லை. திசு ஆய்விலும் இதே கதைதான்: அகன்ற, குறுக்குச்சுவர் அருகிய இழை என்றாலே மியூகார் வகைப் பூஞ்சை என்று முடிவுகட்டும் பழக்கம், அவ்வகையால் வரும் ‘கறுப்புப் பூஞ்சை’ நோய் பரவிய 2021-க்குப் பின் இன்னும் இறுகியிருக்கிறது. அந்த ஒற்றை அனுமானத்தின் பேரில், பித்தியத்தின்மேல் பெரிதும் பலிக்காத ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம்பார்க்க நேர்கிறது.

7. மாற்று மருந்துக்குச் சான்று போதாது என்று சொல்வோர் தம் கைமருந்துக்கு இங்கே என்ன சான்று வைத்திருக்கிறார்கள்? பாக்டீரியாவின் புரத உற்பத்தியைத் தடுக்கும் லினசோலிட், அசித்ரோமைசின், மினோசைக்ளின் போன்றவை பித்தியத்தை ஆய்வகத்தில் அடக்குகின்றன. லினசோலிடும் அசித்ரோமைசினும் சேர்ந்து கருவிழிப் புண்ணை ஆற்றியதாக ஐதராபாத்திலிருந்து 2017-இல் அறிக்கை வந்தது. தொடர்ந்து வேறு நோயாளர் தொகுப்புகளும் வந்தன. எதிர்த்தரப்பின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது: இவை பெரிய ஒப்பீட்டுச் சோதனைகள் அல்ல, தட்டில் அடங்குவது கண்ணில் அடங்கும் என்ற உறுதியும் இல்லை, ஆழப் பரவிய புண்ணுக்குக் கத்தி தேவைப்படவே செய்கிறது. லினசோலிட் மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குப் பயன்படும் சேமிப்பு மருந்து என்பதால் கண்டவர்க்கெல்லாம் சொட்டலாகாது என்ற எச்சரிக்கையும் சரியே. ஆனால் இவை அனைத்தும் சோதித்தறிந்து கொடுக்க வேண்டும் என்பதற்கான காரணங்களே ஒழிய, சோதிக்காமல் நேட்டாமைசினைத் தொடர்வதற்கான காரணங்கள் ஆகா. டெர்பினஃபினும் இட்ரகொனசோலும் சேர்ந்து அமெரிக்கச் சிறுவன் ஒருவனைப் பிழைக்கவைத்தது உண்டு. அத்தகைய தனி வெற்றியைப் பொது விதியாக்குவோர், தனி வெற்றிகளை ஏற்காதீர் என்று மறுபக்கத்தைக் கண்டிப்பது ஒரே தராசில் இருவேறு படிக்கல் வைப்பதாகும்.

நோயின் இயல்பைப் பூஞ்சைக்கு வெளியே தேடியவர்களுக்கே வேறு வழிகளும் திறந்தன. பித்தியத்தை வளர்த்துக் கொன்று, அதன் சாற்றை ஊசிவழி ஏற்றிக் குதிரைகளைக் குணப்படுத்தும் முறை 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் வகுக்கப்பட்டது. பின்னர் தாய்லாந்தில் கத்தியும் மருந்தும் கைவிட்ட மனிதருக்கும் அது கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் பலிப்பதில்லை என்றாலும், ஒவ்வாமைக்குரிய போக்கில் வீணாகும் உடலின் எதிர்ப்பை உயிரியைக் கொல்லும் போக்கிற்கு அது திருப்புவதாக விளக்கப்படுகிறது.

8. ‘சிறிய ஆய்வகத்தால் இயலாது’ என்ற கடைசி அரணும் நிற்பதன்று. மரபணுச் சோதனை எல்லா ஊரிலும் இல்லை என்பது மெய். ஆனால் அயோடினும் கந்தக அமிலமும் இட்டால் செல்லுலோசு நீலமாகும் என்பது தாவரவியல் வகுப்பில் கற்பிக்கப்படும் சோதனை. கருவிழிச் சுரண்டலில் உள்ள பித்திய இழைகளும் அதே நீலத்தைக் காட்டுகின்றன, பூஞ்சை இழைகள் காட்டுவதில்லை. வெள்ளிச் சாயத்தில் கறுத்துத் தெரியும் இழை பி.ஏ.எஸ். சாயத்தில் மங்கிப்போனால் அதுவும் ஐயத்துக்கு இடம் தரும். இலைத்துண்டுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. நெல்வயலிலிருந்தோ குளத்திலிருந்தோ வந்தவரின் கண்ணில் இழை தெரிந்து, நேட்டாமைசினுக்குப் புண் சில நாளில் அசையாவிட்டால், அறிக்கையில் ‘பூஞ்சை’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘பூஞ்சை அல்லது பித்தியம், முடிவாகவில்லை’ என்று திருத்தி, வளர்ப்புத் தட்டைக் குப்பைக்கு அனுப்பாமல் ஓர் இலைத்துண்டை அதன்மேல் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதை நீருக்கு மாற்ற ஒருவரை நியமிக்க வேண்டும்.